திருக்கை: ஏலக்கூடத்தில் குவிந்து கிடக்கிறது, கடலில் குறைகிறதா?

அலைவாய் (இழையைத் தொடங்கியவர்):

மீன் விலை பற்றிய இழையில் ஒருவர், "திருக்கைக்கு என்ன குறைச்சல், ஏலக்கூடத்தில் தினமும்தான் குவிந்து கிடக்கிறதே" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் தனி இழை.

குவியல் இருப்பது உண்மை. அந்தக் குவியலுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன். உலகம் முழுக்கத் திருக்கை வகைகள் 600க்கு மேல். சுறா, திருக்கை எல்லாவற்றையும் சேர்த்து 2021இல் ஒரு பெரிய மதிப்பீடு வந்தது. அதில் ஆராய்ந்த 611 திருக்கை இனங்களில் சுமார் 250 அழியும் அபாயத்தில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். 41 விழுக்காடு. சுறாக்களுக்கு அது 36. சுறாவைக் காப்பாற்றச் சொல்லி உலகமே பேசுகிறது. அதைவிட மோசமாக இருக்கும் திருக்கைக்குப் பேச ஆள் இல்லை. அபாயத்தில் இருப்பதாகச் சொன்ன இனம் ஒவ்வொன்றுக்கும் அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு ஒரு காரணம் என்றும் அதே மதிப்பீடு சொன்னது. விதிவிலக்கே இல்லை.

ஏலக்கூடத்துக்குப் போகிறவர்கள் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். வால் படகிலேயே வெட்டப்பட்டிருக்கும், முள் குத்திவிடும் என்பதால். புரட்டிப் போட்டால் வெள்ளை வயிறு, வாய்க்குப் பின்னால் பக்கத்துக்கு ஐந்தாகச் செவுள் பிளவுகள். சில பெரிய திருக்கைகளுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒன்றிரண்டு குட்டிகள் கிடக்கும், இரண்டு சிறகையும் சுருட்டினபடியே. அவற்றைத் தனியாக யாரும் பிடிக்கவில்லை. வலையில் மாட்டிய தாய் அந்த அதிர்ச்சியில் மாதம் நிறையாமலே ஈன்றுவிடுகிறது. எடை போடும்போது அது ஒரு திருக்கை. கடலுக்கு நஷ்டம் மூன்று.

கண்ணிக்கயிறு:

நான் பாக் நீரிணைப் பக்கம். அப்பா காலத்திலிருந்து திருக்கை வலை எங்கள் வீட்டில் உண்டு. பெரிய கண்ணி வைத்த வலை, தரையோடு கிடக்கும். புள்ளித் திருக்கை, செந்திருக்கை, குருவித் திருக்கை எல்லாம் அதில்தான் வரும்.

அலைவாய் அண்ணன் சொல்வதில் ஒன்றை நான் கண்ணால் பார்க்கிறேன். முன்பு இரண்டு பேர் கம்பு கோத்துத் தூக்கும் திருக்கை அடிக்கடி வரும். இப்போது வருவதில் பெரும்பகுதி ஒரு கையால் தூக்கிக் கூடையில் போடுகிற அளவுதான். எடைக் கணக்கில் குறைவு தெரியாது, ஏனென்றால் எண்ணிக்கை அதிகம். பெரியதெல்லாம் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் எங்கள் மேல் போட்டுவிடாதீர்கள். இழுவைமடி கடல் தரையைச் சுரண்டிக்கொண்டு போகிறது, அதில் கைக்குட்டை அளவுத் திருக்கைக்குட்டியும் வருகிறது. அது ஏலத்துக்கே வராமல் கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்கிறார்கள். திருக்கை அந்த இரண்டு மாதத்தில் குட்டி போட்டு முடித்துவிடுமா?

செவுள்:

கண்ணிக்கயிறு அண்ணே, முடிக்காது. நீங்கள் கேட்டதுதான் இந்த விஷயத்தின் முக்கிய முடிச்சு. நான் விலங்கியல் முதுகலை படிக்கிறேன், தெரிந்ததை எழுதுகிறேன்.

சாளையோ நெத்திலியோ ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையை நீரில் விடும். இரண்டு மாதம் தொந்தரவு செய்யாமல் விட்டாலே அதற்குப் பெரிய உதவி. திருக்கைக்குக் கரு உள்ளே தரித்து உள்ளேயே வளரும். முள்வால் திருக்கைகளில் மஞ்சள்கரு தீர்ந்த பிறகு, தாயின் கருப்பைச் சுவரில் விரல் விரலாக நீண்டிருக்கும் இழைகள் கொழுப்பும் புரதமும் நிறைந்த பாலைச் சுரந்து குட்டிக்கு ஊட்டும். மீன் இனத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதைப் படித்த அன்றே எனக்குத் திருக்கைமேல் தனி மரியாதை வந்துவிட்டது. இவ்வளவு செலவு செய்து வளர்ப்பதால் ஒரு ஈற்றுக்குச் சில குட்டிகள்தான், சில இனங்களில் ஒன்றே ஒன்று.

கொம்புத் திருக்கையிலேயே மிகப் பெரியதான மாண்டா ஏழு மீட்டர் அகலம் வரை வளரும். சுமார் ஒரு வருடம் சுமந்து ஒரே குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை இடைவெளி. இப்படிப்பட்ட உயிருக்கு இரண்டு மாதத் தடைக்காலம் எவ்வளவு பயன்படும், நீங்களே சொல்லுங்கள்.

முட்டையிடும் திருக்கைகளும் உண்டு. குளிர்கடலிலும் ஆழ்கடலிலும் வாழும் ஸ்கேட் வகை அது. நான்கு முனையிலும் கொம்பு வைத்த தோல் பை போன்ற முட்டை. கலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஆழத்தில், கடல் தரையிலிருந்து வெந்நீர் பீறிடும் இடங்களை ஒட்டி ஒரு ஸ்கேட் முட்டையிட்டு வைத்திருப்பதை 2018இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தச் சூட்டில் கரு சீக்கிரம் வளரும் என்பது அவர்கள் கருத்து.

நடுக்கடல்:

எல்லாம் சரி, மறுபக்கத்தையும் பேச வேண்டும். குருவித் திருக்கை கூட்டமாக வந்து சிப்பி, சங்கு எல்லாவற்றையும் நொறுக்கித் தின்னும். அதன் பல் தட்டையான கல் மாதிரி இருக்கும், ஓட்டை உடைக்கவே அமைந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிப் பாறைகள் (நாம் பார் என்று சொல்கிற இடங்கள்) பாழானதற்குத் திருக்கைதான் காரணம் என்று ஆங்கிலேயர் காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். திருக்கை பெருகினால் சங்கு குளிக்கிறவன் பிழைப்பு என்ன ஆகும்?

அலைவாய்:

நல்ல கேள்வி. அந்தப் பழைய கதையை முழுதாகச் சொன்னால் சுவையாக இருக்கும்.

1902இல் இலங்கை அரசின் அழைப்பில் ஹெர்ட்மன் என்ற கடலுயிர் அறிஞர் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். முத்துச் சலாபம் (முத்துக்குளிக்கும் இடம்) ஏன் பல ஆண்டுகள் வெறுமையாகிவிடுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. உடன் வந்தவர் ஹார்னெல், பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையில் பெயர் பெற்றவர். திருக்கை சிப்பியைத் தின்கிறது என்று அவர்கள் பதிவு செய்தது உண்மைதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. சிப்பிக்குள் முத்து உருவாகக் கருவாக இருப்பது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம், அந்தப் புழு முதிர்வது சிப்பியைத் தின்னும் திருக்கையின் குடலில் என்று ஒரு விளக்கத்தையும் முன்வைத்தார்கள். அந்தக் கணக்கில் திருக்கை இல்லாவிட்டால் முத்தே இல்லை! பின்னால் வந்தவர்கள் எல்லா முத்துக்கும் புழுவே காரணம் என்பதை ஏற்கவில்லை. ஆனாலும் திருக்கையை வெறும் கொள்ளைக்காரனாகப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பழைய சாட்சி கிடைக்காது. சிப்பிப் பார்கள் அழிந்ததற்கு நீரோட்டம், மணல் மூடுவது, ஒரே மூச்சில் அள்ளியெடுத்தது என்று பல காரணங்கள் உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்குப் பிறகான வெறுமையைத் திருக்கையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இதே குற்றச்சாட்டு அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவில் எவ்வளவு கேடு செய்தது என்று பாருங்கள். சுறா குறைந்ததால் மூக்கன் திருக்கை ஒன்று பெருகிச் சிப்பித் தொழிலை அழிக்கிறது என்று 2007இல் ஒரு கட்டுரை வந்தது. உடனே "திருக்கையைத் தின்று விரிகுடாவைக் காப்போம்" என்று பிரசாரம், அம்பெய்து கொல்லும் போட்டிகள். 2016இல் வேறு ஆய்வாளர்கள் தரவை மறுபடி புரட்டினார்கள். சிப்பிகளின் வீழ்ச்சி அந்தத் திருக்கை பெருகியதாகச் சொன்ன காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதன் இரையில் விலைபோகும் சிப்பிகளுக்குப் பெரிய இடமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழெட்டு வயதில் பருவமடைந்து வருடத்துக்கு ஒரு குட்டி போடும் உயிர் அவ்வளவு வேகத்தில் பெருகவே முடியாது. மேரிலாந்து மாநிலம் 2017இல் அந்தப் போட்டிகளை நிறுத்தியது. அதற்குள் எத்தனை சினைத் திருக்கைகள் கொல்லப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

திருக்கை பெருகிவிடும் என்று பயப்படும் நிலையில் நம் கடல் இல்லை, நடுக்கடல்.

மன்னார்மடந்தை:

வணக்கம். நான் மன்னார், இலங்கைப் பக்கம். எங்கள் வீட்டில் திருக்கைக் கறி என்றால் மிளகும் உள்ளியும் தூக்கலாகப் போட்ட சரக்குக் கறிதான். பிள்ளை பெற்றவளுக்குக் கட்டாயம் கொடுப்பார்கள். ஆகவே தின்னாதே என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் கொம்புத் திருக்கையின் கதை வேறு. அதன் இறைச்சி கறுப்பு, விலை கிடையாது, பெரும்பாலும் கருவாட்டுக்குத்தான். அதைக் கரைக்குக் கொண்டு வரச் செய்தது அதன் செவுள். வாயைத் திறந்து நீந்தி நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும் மீன் அது. அந்த வடிகட்டியைத்தான் அறுத்து, உலர்த்தி, சீனாவின் குவாங்சூ பக்கம் மருந்தென்று விற்கிறார்கள். உலகத்தில் அந்தச் சரக்கு போய்ச் சேரும் முக்கிய இடம் அதுதான். பல நாள் தங்கும் படகுகள் சூரைக்கு விரிக்கும் செவுள்வலையில் மாட்டுவதுதான் எங்கள் நாட்டில் அதிகம். யாரும் அதைத் தேடிப் போவதில்லை. வந்தால் விடுவதுமில்லை. இலங்கைத் துறைமுகங்களில் ஆண்டுக்கணக்கில் நின்று பதிவு செய்தவர்கள் அதன் வரத்து சரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள்.

பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் மாண்டா 2013இல் வந்தது, மற்றக் கொம்புத் திருக்கைகள் 2016இல். வலைக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

பக்கத்து மாலத்தீவைப் பாருங்கோ. அங்கே 2014 முதல் திருக்கை இனம் முழுவதற்கும் பாதுகாப்பு. ஹனிஃபாரு விரிகுடாவில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மாண்டாக்கள் கூட்டமாக வந்து இரை வடிக்கும். வயிற்றில் உள்ள புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் தனி, நம் கைரேகை போல. அதை வைத்து ஆயிரக்கணக்கான மாண்டாக்களுக்குப் பெயரிட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதே இந்தியப் பெருங்கடல்தான்.

கண்ணிக்கயிறு:

அக்கா, மாலத்தீவில் சூரையைத் தூண்டிலில் பிடிக்கிறார்கள், வலையே கிடையாது. அந்தத் தொழில் வேறு. சட்டம் பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தத் திருக்கைக்குத் தடை, எதற்குத் தடையில்லை என்று எங்களிடம் தெளிவாகச் சொன்னவர் யார்? வேளா மீனைத் தொடக்கூடாது என்று தெரியும், அது இப்போது வருவதும் இல்லை. தாத்தா வீட்டில் அதன் வாள் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. சுறா உடம்பும் திருக்கைத் தலையுமாக வரும் உழுவைக்கு என்ன சட்டம்? முள்ளந்திருக்கைக்கு?

செவுள்:

அண்ணே, வேளா, முள்ளந்திருக்கை, உழுவை மூன்றுமே 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. வேளாவை வாள்சுறா என்றாலும் அது திருக்கை வகைதான், செவுள் அடிப்பக்கம் இருக்கும். அந்த வாளே அதற்கு எமன், எந்த வலையிலும் முதலில் சிக்குவது அதுதான்.

உழுவையில்தான் குழப்பம். 2001 பட்டியலில் போட்ட பெயர் ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ். அந்த இனம் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு உரியது. நம் வலையில் வருபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியே, லேவிஸ் என்ற வேறு இரண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். இருபது வருடம் சட்டம் ஒரு பெயரைச் சொன்னது, ஏலக்கூடத்தில் வேறொன்று கிடந்தது. 2022 திருத்தத்தில் அட்டவணைகளை மாற்றியமைத்து இன்னும் பல சுறா, திருக்கை இனங்களைச் சேர்த்தார்கள். 2023 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஏன் உழுவைக்கு இவ்வளவு கவலை என்றால், அதன் துடுப்புக்குச் சுறாத்துடுப்புச் சந்தையில் மிக உயர்ந்த விலை. உழுவையும் அதன் உறவான பெரிய கிதார் மீன்களுமாக உலகில் 16 இனங்கள். 2019 மதிப்பீட்டில் அவற்றில் 15 மிக மோசமான அபாய நிலையில் இருந்தன. கடல்மீன்களில் இதைவிட ஆபத்தில் உள்ள கூட்டத்தைக் காட்டுவது கஷ்டம்.

நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எது எது என்று படம் போட்ட ஒரு பலகையாவது ஒவ்வொரு இறங்குதளத்திலும் தமிழில் இருக்க வேண்டும்.

நடுக்கடல்:

அலைவாய் சொன்ன செசபீக் கணக்கை ஏற்கிறேன், ஏழு வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று என்றால் பெருகுவது நடக்காது. ஆனால் இவ்வளவு பெரிய கடலில் ஒரு இனம் மொத்தமாக அழிந்துபோகும் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை. எங்காவது மிச்சம் இருக்காதா?

அலைவாய்:

அழிந்திருக்கிறது. ஜாவா திருக்கை. 1862இல் இன்றைய ஜகார்த்தாவின் மீன் சந்தையில் ஒரு ஜெர்மன் இயற்கையியலாளர் வாங்கியது. முப்பது சென்டிமீட்டருக்கு மேல் சற்று நீளம். அந்த ஒன்றுதான் உலகத்துக்குத் தெரிந்த ஒரே மாதிரி. அதன் பிறகு அந்தச் சந்தைகளில் எத்தனையோ பேர் தேடிவிட்டார்கள், இன்னொன்று அகப்படவில்லை. 2023 டிசம்பரில், அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் உலகச் செம்பட்டியல் அதை அழிந்துபோன இனமாக அறிவித்தது. மனிதர்களால் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் கடல்மீன் அது.

அது வாழ்ந்த இடம் கரையோரக் கடல், நம்முடையதைப் போலவே நெருக்கிப் பிடிக்கப்பட்ட இடம். அன்றைக்கும் அந்தச் சந்தையில் திருக்கை குவிந்துதான் கிடந்திருக்கும். எது கடைசி என்று குவியலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் இந்த இழையைத் தொடங்கியதே இதற்காகத்தான்.

மீண்டு வந்ததும் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கதவு அகலத்துக்கு வளரும் ஒரு ஸ்கேட், அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று 1998இல் எச்சரித்தார்கள். அதற்கு முன்பே, 1994இல், அந்தப் பக்கத்து மீன்பிடிக் கடலான ஜார்ஜஸ் திட்டில் பெரும் பகுதிகளை இழுவலைக்கு மூடியிருந்தார்கள், வேறு மீன்களுக்காக. அந்த மூடிய பகுதிகளில் ஸ்கேட்டும் பெருகியது. இப்போது அளவு வைத்துப் பிடிக்கவே விடுகிறார்கள். திருக்கைக்கு வேண்டியது இரண்டு மாத ஓய்வைவிட, வருடம் முழுக்க மடி இறங்காத கொஞ்சம் இடம். கடற்புல் திட்டு, கழிமுகம், குட்டிகள் வளரும் ஆழமற்ற மணல்பரப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி தேசியப் பூங்கா என்று 1986இலேயே கோடு போட்டாயிற்று. அந்தக் கோட்டை மதிக்க வைத்தாலே பாதி வேலை.

மன்னார்மடந்தை:

ஆற்றிலும் திருக்கை இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லையே. 2022 ஜூனில் கம்போடியாவின் மெகொங் ஆற்றில் ஒரு மீனவர் பிடித்த திருக்கை 300 கிலோ, வாலோடு சேர்த்து ஏறக்குறைய நான்கு மீட்டர். நன்னீரில் பிடித்து எடைபோட்ட மீன்களிலேயே பெரியது அதுதான். அவர் ஆய்வாளர்களுக்குச் சொல்லி அனுப்பினார். நியாயமான விலை கொடுத்து, உடலில் கருவி பொருத்தி, உயிரோடு திரும்ப விட்டார்கள். கண்ணிக்கயிறு தம்பிக்கு நான் சொல்ல நினைப்பது அந்த விலையைப் பற்றித்தான். விடு என்று சொல்கிறவர்கள் டீசல் காசையும் யோசிக்க வேண்டும்.

கண்ணிக்கயிறு:

அதைச் சொன்னதற்கு நன்றி அக்கா. வேளாவோ உழுவையோ உயிரோடு வந்தால் வலையை அறுத்து அதை விட நான் தயார், வலைக் கிழிசலுக்கு ஏதாவது கிடைத்தால் பக்கத்துப் படகுக்காரரும் தயாராவார். ஆனால் விட்டால் பிழைக்குமா? எப்படிப் பிடித்து விடுவது? இன்னொன்று, போன மாதம் எங்கள் பையன் ஒருவனைக் காலில் குத்திவிட்டது, துடித்துப்போனான்.

செவுள்:

முதலில் முள். அதன் விஷம் சூட்டில் சிதையும். தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி, வெந்நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வையுங்கள். வலியில் சூடு உறைக்காது, அதனால் குத்துப்படாத காலில் முதலில் சோதித்துப் பாருங்கள். அப்புறம் கட்டாயம் மருத்துவமனை: முள்துண்டு உள்ளே இருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது, அப்படியே கொண்டு போக வேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும்.

பிழைக்குமா என்பது வலையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைப் பொறுத்தது. மடியில் மணிக்கணக்கில் மற்ற மீனுக்கு அடியில் நசுங்கியதற்கு வாய்ப்புக் குறைவு. உங்கள் வலையைச் சீக்கிரம் தூக்கினால் நல்ல வாய்ப்பு. மணலில் படுத்தபடியே கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாக நீரை இழுத்து மூச்சுவிடும் உயிர் அது, அதனால் அந்தத் துளையில் விரலைவிட்டுத் தூக்கக்கூடாது. செவுளிலும் வாலிலும் பிடிக்கவே கூடாது, கொக்கி போடக்கூடாது. சிறியதென்றால் இரண்டு சிறகு ஓரத்தையும் இரண்டு கையால் தாங்கி இறக்குங்கள். பெரியதென்றால் அடியில் ஒரு தார்ப்பாய் விட்டு இரண்டு பேர் தூக்குங்கள். வேளா வந்தால் அதன் வாளை ஒடிக்காமல் கண்ணியை அறுத்துவிடுங்கள்.

விடுவதற்கு முன் முடிந்தால் இரண்டு படம் எடுங்கள் அண்ணே: மேலிருந்து முழு உடம்பும் வாலும் தெரிய ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. பிடித்த ஆழத்தையும் எழுதி இங்கேயே போடுங்கள். எந்த இனம் என்று பார்த்துச் சொல்கிறேன்.